கலரி முதலில் காலியானது

உங்கள் கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறேன். "என் பாட்டி ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். சம்பளம் வாங்கியதும் டவுனுக்கு நடந்துபோய்ப் படம் பார்த்த கதைகளை இன்றும் சொல்கிறார். அந்தத் தியேட்டர் இருந்த இடத்தில் இப்போது புடவைக்கடை இருக்கிறது. மலையகத்தின் தியேட்டர்கள் எப்படி இல்லாமல் போயின? டிவி வந்ததுதான் காரணமா? பாட்டி சொல்வதில் எதை அப்படியே எடுத்துக்கொள்வது?" என்று எழுதியிருக்கிறீர்கள். முதல் பகுதி, பாட்டியோடு அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்த சனம் எங்கே போனது என்பது. இரண்டாவது, ஒரு முதியவரின் நினைவை எப்படிச் சரிபார்ப்பது என்பது. இரண்டுக்கும் என்னால் முடிந்த அளவு பதில் சொல்கிறேன்.

நான் மலையகத்தில், அதாவது இலங்கையின் தேயிலை மலைநாட்டில், நகரத் தியேட்டர்களில் படம் ஓட்டும் ஒப்பரேட்டராக வேலை செய்தவன். முதலில் படச்சுருள் சுற்றும் பையனாகச் சேர்ந்து, பிறகு இயந்திரத்தைக் கையில் எடுத்தேன். கார்பன் குச்சி எரித்த காலம் தொடங்கி, தியேட்டர்கள் ஒவ்வொன்றாகக் கதவடைத்த காலம்வரை அந்தத் தொழிலில் இருந்தேன். ஒப்பரேட்டர் அறையின் சிறிய கண்ணாடித் துவாரம் வழியாக நான் பார்த்தது திரையையும், திரைக்கு முன்னால் இருந்த தலைகளையும். ஆகவே நான் சொல்லப்போவதில் தலைகளைப் பற்றிய பகுதியை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். முதலாளிமாரின் கணக்குப் புத்தகம் என் மேசைக்கு வந்ததில்லை. இலாப நட்டத்தைப் பற்றி நான் சொல்லும் இடங்களை ஒரு தொழிலாளியின் ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையகத் தியேட்டரைக் கொழும்புத் தியேட்டரின் சிறிய வடிவம் என்று நினைப்பவர்கள் அதன் நாடியைத் தவறவிடுகிறார்கள். கொழும்பில் கூட்டம் வார இறுதியைப் பார்த்து வரும். எங்களுக்கோ மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டி வரும் சம்பள நாள்தான் எல்லாம். அந்த வாரத்தில் கலரி, அதாவது திரைக்கு மிக அருகில் உள்ள மலிவான வாங்கு வரிசைகள், நிரம்பி வழியும். மாதக் கடைசியில் அதே படத்துக்கு முன்வரிசை வெறுமையாக இருக்கும். தீபாவளி முற்பணம் கொடுத்த வாரத்தில் எந்தப் படத்தைப் போட்டாலும் ஓடும் என்று எல்லா மனேஜர்களும் அறிந்திருந்தார்கள். புதிய படத்தை எப்போது இறக்குவது என்பதைக்கூடத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையிடம் விசாரித்துத் தீர்மானித்தவர்கள் உண்டு. கொழுந்து குறைந்த மாதத்தில் பேர், அதாவது சம்பளத்துக்குக் கணக்கிடும் வேலை நாள், குறையும். பேர் குறைந்தால் கைக்காசு குறையும். கைக்காசு குறைந்தால் டிக்கெட் குறையும். மழையும் வெயிலும் செடியில் செய்ததை அடுத்த மாதம் எங்கள் டிக்கெட் ஜன்னலில் பார்க்கலாம்.

வந்தவர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய், மலையில் நின்று, கொழுந்து நிறுத்துவிட்டு, வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிக் குளித்துப் பிள்ளைகளுக்கு உடுப்புப் போட்டுவிட்டு, குறுக்குப் பாதையில் இறங்கி டவுனுக்கு வருவார்கள். சில தோட்டங்களிலிருந்து லொறியில் வருவார்கள். பஸ் கிடைத்தவர்கள் பஸ்ஸில். மாலை 6.30 காட்சி முடிந்தால் திரும்பிப் போக பஸ் இருக்காது. பந்தம் கொளுத்திக்கொண்டு, பாட்டுப் பாடிக்கொண்டு, கூட்டமாகத்தான் ஏறுவார்கள். தியேட்டர் பின்கதவைத் திறந்து நின்றால் எதிர்மலையில் அந்த வெளிச்சங்கள் வளைந்து வளைந்து போவது தெரியும். தனி ஆளாக யாரும் போகமாட்டார்கள். இந்த "கூட்டமாக" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்; தியேட்டர்கள் ஏன் மூடின என்பதற்கு அதில் பாதி விடை இருக்கிறது.

மண்டபத்துக்குள் ஒரு தோட்டத்தின் மேடு பள்ளம் அப்படியே இருந்தது. மேலே பல்கனியில் டீமேக்கர், கிளாக்கர், கணக்கப்பிள்ளை குடும்பங்களும் டவுன் கடை முதலாளிகளும். நடுவில் ஆசிரியர்கள், கடைச் சிப்பந்திகள். முன்னால் கலரியில், முதுகுச் சாய்வு இல்லாத வாங்குகளில், கொழுந்து பறித்தவர்களும் கவ்வாத்து வெட்டியவர்களும். விலை பிரித்தது என்று சொல்வார்கள். ஆனால் காசு கையில் இருந்தபோதும் பல்கனிக்கு ஏறத் தயங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். தன் கங்காணி உட்கார்ந்திருக்கும் வரிசைக்கு மேலே போய் உட்கார அவர்களுக்கு மனம் வரவில்லை. இதை மறைத்துவிட்டு, அந்தக் காலத்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்தோம் என்று எழுதுகிறவர்கள் என்னைக் கோபப்படுத்துகிறார்கள். ஒரே கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம் என்பதுதான் உண்மை.

பெண்களுக்குப் பகல் காட்சிதான். 2.30 காட்சிக்கு வரும் பெண்கள் கூட்டம் இரவுக் காட்சிக்கு வராது. கைக்குழந்தையோடு வந்து, கலரி ஓரத்தில் உட்கார்ந்து, சோகக் காட்சியில் சத்தமாகவே அழுதுவிட்டுப் போவார்கள். மழை நாளில் ஈரக் கம்பளிகளிலிருந்து ஆவி கிளம்பும். அந்த ஆவியும் பீடிப் புகையும் என் ஒளிக்கற்றையில் சேர்ந்து நிற்கும்போது, பின்வரிசையிலிருந்து பார்த்தால் திரை மங்கலாகத் தெரியும்; "ஓப்பரேட்டர், லைட்டைக் கூட்டு" என்று கத்துவார்கள். படம் விட்டு மண்டபத்தைக் கூட்டும் பெண், வாங்குகளுக்குக் கீழே இரத்தம் குடித்துப் பருத்த அட்டைகளைப் பொறுக்கி உப்பில் போடுவார். இதெல்லாம் எந்த ஆவணத்திலும் இராது. உங்கள் பாட்டியிடம் இருக்கும்.

இயந்திரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாட்டியின் நினைவைச் சரிபார்க்க அது உதவும். 35 மில்லிமீட்டர் படச்சுருள் விநாடிக்கு 24 சட்டங்கள், அதாவது 24 தனிப் படங்கள், என்ற வேகத்தில் ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. 1000 அடிச் சுருள் 11 நிமிடம். மூன்று மணிநேரத் தமிழ்ப் படம் என்றால் 16,000 அடிக்கு மேல். ஆகவே ஒரு படம் என்பது தகரப் பெட்டிகளில் அடைத்த கனமான சுமை. நல்ல தியேட்டரில் இரண்டு இயந்திரங்கள் இருக்கும். ஒரு சுருள் முடியப்போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அதைக் கண்டதும் அடுத்த இயந்திரத்தின் மோட்டாரை ஓட்ட வேண்டும். சுமார் எட்டு விநாடிகளில் இரண்டாவது புள்ளி வரும். அப்போது ஒளியை மாற்ற வேண்டும். கைப்பழக்கம் உள்ளவன் செய்தால் பார்ப்பவருக்குத் தெரியாது. ஓர் இயந்திரம் மட்டும் உள்ள தியேட்டரில் சுருளுக்குச் சுருள் விளக்குப் போட்டு நிறுத்துவார்கள். பாட்டி "நாலைந்து இடைவேளை விடுவார்கள்" என்று சொன்னால் சிரிக்காதீர்கள். அது ஓர் இயந்திரத் தியேட்டர்.

வெளிச்சம் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே எரியும் மின்வில்லிலிருந்து வரும். குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளியைச் சரியாக வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கவனம் தப்பினால் படம் மஞ்சளாகி, பிறகு நீலமாகி, அணைந்துவிடும். அதற்கு நேர்மின்னோட்டம் தேவை, அதனால் மின்சாரத்தை மாற்றித் தரும் ரெக்டிபயர் ஒன்று பக்கத்து அறையில் முனகிக்கொண்டிருக்கும். மலைநாட்டில் மாலையில் மின்னழுத்தம் இறங்கும். திரையும் அதோடு இறங்கும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், மே தொடங்கி செப்டெம்பர் வரை, தகரக் கூரையில் மழை விழும் சத்தம் வசனத்தை முழுதாக விழுங்கிவிடும். ஒலியை எவ்வளவு கூட்டினாலும் பயனில்லை. கலரிக்காரர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஏற்கெனவே பார்த்தவர்கள் வசனத்தைச் சத்தமாகச் சொல்வார்கள், மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். நீண்ட நீதிமன்ற வசனங்களைத் தோட்டத்துப் பிள்ளைகள் மனப்பாடமாக வைத்திருந்ததற்கு இந்த மழையும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். இது எண்ணம் மட்டுமே.

படப்பெட்டி வந்த விதம் இன்னொரு கதை. ரயில் கண்டிக்கு 1867இலும் ஹட்டனுக்கு 1884இலும் வந்துவிட்டது, பதுளைக்கு 1924இல். கோப்பியையும் தேயிலையையும் இறக்கக் கட்டிய அந்தப் பாதையில்தான் எங்கள் படங்கள் ஏறி வந்தன. கொழும்பில் ஓடி முடித்து, பெரிய நகரங்களைச் சுற்றி, கடைசியில்தான் சிறிய டவுனுக்குப் பெட்டி வரும். வட்டவளைப் பக்கம் மண்சரிவு என்றால் கோச்சி வராது, பெட்டி வராது, பழைய படத்தையே மறுபடி ஓட்ட வேண்டும். வரும் சுருளோ பல இயந்திரங்களில் ஓடித் தேய்ந்தது. ஒரு சட்டத்துக்குப் பக்கத்துக்கு நான்கு துளைகள். அவை கிழிந்தால் அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டுப் பசை வைத்து ஒட்டுவோம். ஒவ்வொரு ஒட்டிலும் சில சட்டங்கள் போகும். பலமுறை அறுந்த சுருளில் பாட்டின் சரணம் ஒன்று, சண்டையின் பாதி, சில சமயம் ஒரு முழுக் காட்சி இராது. இதனால்தான் உங்கள் பாட்டி சொல்லும் கதையும் இன்று நீங்கள் கணினியில் பார்க்கும் படமும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். அவர் மறந்துவிட்டார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அவர் பார்த்த சுருளில் அந்தக் காட்சி இல்லாமலேயே இருந்திருக்கலாம்.

தொடக்க வரலாற்றை வேகமாகச் சொல்லிக் கடக்கிறேன். 1901இல் ஆளுநருக்கும், தென்னாபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட போயர் போர்க் கைதிகளுக்கும் காட்டப்பட்டதே இலங்கையின் முதல் படக்காட்சி என்று பல நூல்களில் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கைதிகளின் பெரிய முகாம் தியத்தலாவையில் இருந்தது என்பது உறுதி. ஆகவே இந்த நாட்டின் சினிமா மலைநாட்டில் பிறந்தது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று காட்டிய படங்களில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவும் இருந்ததாக அதே கதை சொல்கிறது. அந்த விழா நடந்தது 1902 ஓகஸ்ட் மாதத்தில். ஆகவே கதையின் விபரங்களில் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. சிற்றம்பலம் கார்டினர் 1928இல் சிலோன் தியேட்டர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பிறகுதான் தியேட்டர் என்பது ஒழுங்கான தொழிலாகியது. பின்னர் கே. குணரத்தினத்தின் சினிமாஸ் நிறுவனமும் பெரிதாக வளர்ந்தது. கண்டியில் வெம்ப்ளி, ஒடியன், ரீகல் என்று பெயர் சொல்லி அழைக்கப்பட்ட தியேட்டர்கள் இருந்தன. ஆங்கிலப் பெயர்களைத் தாங்கிய அந்த மண்டபங்களில் தமிழ்ப் பாட்டுக்கு எழுந்த விசிலை இன்றும் கண்டியின் பழைய மனிதர்கள் பேசுகிறார்கள்.

இனி, ஏன் மூடின என்பதற்கு வருகிறேன். டிவிதான் காரணம் என்ற பதிலை நான் ஏற்கவில்லை. அரச தொலைக்காட்சியான ரூபவாஹினி 1982 பெப்ரவரியில் தொடங்கியது. அதன் பிரதான ஒளிபரப்புக் கோபுரம் நுவரெலியாவுக்கு மேலே பீதுருதலாகலை உச்சியில் நிற்கிறது. ஆகவே எங்கள் தலைக்கு மேலிருந்துதான் அலை போனது. ஆனால் அதைப் பிடிக்க லயத்துக் காம்பராவில் மின்சாரம் வேண்டுமே? அந்த ஆண்டுகளில் பெரும்பாலான லயங்களில் குப்பி விளக்குத்தான் எரிந்தது. தோட்டத்தின் ஊடாகக் கம்பி ஓடும், தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் போகும், லயத்தில் நிற்காது. கார் பெட்டரியில் ஓடும் கறுப்பு வெள்ளைப் பெட்டி லயத்துக்கு வந்தது பிறகு. அதுவும் வரிசைக்கு ஒன்று. டவுன் கடைக்காரரையும் பல்கனிக் குடும்பங்களையும் டிவி முதலில் எடுத்துக்கொண்டது உண்மை. கலரியை அது அப்போது தொடவே முடியாது. ஆனால் என் கண்ணாடித் துவாரத்திலிருந்து நான் பார்த்தபோது முதலில் காலியானது கலரிதான். பல்கனி அதற்குப் பிறகு. டிவிதான் காரணம் என்றால் வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

கலரி ஏன் காலியானது என்பதற்கு, கப்பலேறிய சனத்தை எண்ணிப் பாருங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் இரு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்றும், 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை என்றும் பிரித்தது. மீதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. ஒப்பந்தத்தில் எழுதிய அளவுக்கு முழுதாக ஆட்கள் போகவில்லை. ஆனால் போனவர்கள் இலட்சக்கணக்கில் போனார்கள். ஹட்டனிலும் நாவலப்பிட்டியிலும் தலைமன்னாருக்குப் போகும் கோச்சி புறப்படும்போது மேடை முழுக்க ஒப்பாரி எழும். ஒப்பாரிக் கோச்சி என்றே அதற்குப் பெயர். ஒரு லயத்திலிருந்து இரண்டு குடும்பம் போனால் படம் பார்க்கப் போகும் கூட்டத்தில் பத்துப் பேர் குறைவார்கள். கூட்டம் குறைந்தால் இரவில் காட்டுப் பாதையில் நடக்கும் துணிவு குறையும். அப்படிப் பிரியாவிடைக்கு முன் கடைசியாக ஒரு படம் பார்த்துவிட்டுப் போகிறோம் என்று குடும்பமாக வந்தவர்களை எனக்குத் தெரியும். போகும் நாட்டிலிருந்துதான் அந்தப் படமே வந்திருந்தது.

அதே ஆண்டுகளில் பஞ்சமும் வந்தது. 1973, 1974இல் தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் மக்கள் பட்டினி கிடந்தார்கள், இறந்தார்கள். டிக்கெட் வாங்கும் பேச்சுக்கே இடமில்லை. இன்னொரு பக்கம், 1972இல் அரசாங்கத் திரைப்படக் கூட்டுத்தாபனம் இயங்கத் தொடங்கி, படங்களை இறக்குமதி செய்வதும் விநியோகிப்பதும் அதன் கைக்குப் போனது. இதைப் பற்றி இரண்டு கருத்துகள் உண்டு. உள்ளூர்ப் படங்கள் வளர அது தேவைப்பட்டது என்பார்கள். அதில் நியாயம் இருக்கிறது. அன்னியச் செலாவணி இல்லாத நாடு அப்போது. ஆனால் மலையகத்தின் சிறிய தியேட்டருக்கு அதன் பொருள், புதிய தமிழ்ப் படங்கள் குறைந்து, பழைய சுருள்களே சுற்றிச் சுற்றி வந்தன என்பதுதான். ஒரே பழைய படத்தை நான் எத்தனை தடவை ஓட்டினேன் என்று எனக்குக் கணக்கில்லை. விரும்பி வந்தவர்களும் இருந்தார்கள். வேறு வழியில்லாமல் வந்தவர்களும் இருந்தார்கள்.

அந்த இருண்ட காலத்துக்கு நடுவே நடந்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். 1963இல் வெளிவந்த "தோட்டக்காரி" தேயிலைத் தோட்ட வாழ்க்கையைத் திரைக்குக் கொண்டுவந்த இலங்கைத் தமிழ்ப் படம். 1975இல் "புதிய காற்று" வந்தது. தோட்டத் தொழிற்சங்கத் தலைவரான வி.பி. கணேசன் தயாரித்து நடித்தார், எஸ். இராமநாதன் இயக்கினார், கதை வசனத்தில் மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பின் கை இருந்தது. தொழில்நுட்பத்தில் சென்னைப் படங்களுக்குப் பக்கத்தில் நிற்காது. ஒலியே சில இடங்களில் தடுமாறும். ஆனால் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் திரையில் நடந்து வந்தபோது கலரியில் ஏற்பட்ட நிசப்தத்தை நான் வேறு எந்தப் படத்துக்கும் கேட்டதில்லை. அதுவரை திரையில் வந்தவர்களைப் பார்த்து விசிலடித்தவர்கள், தங்களைப் பார்த்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தார்கள்.

பிறகு தமிழர்களுக்கு எதிரான வன்முறை. 1977 ஓகஸ்ட், 1983 ஜூலை. 1983இல் கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை, பண்டாரவளை என்று மலையக நகரங்களில் தமிழர்களின் கடைகள் எரிந்தன. ஹெந்தளையில் குணரத்தினத்துக்குச் சொந்தமான விஜயா ஸ்டூடியோ எரிக்கப்பட்டது. அதோடு அழிந்த மூலச் சுருள்களில் சிங்களப் படங்களும் இருந்தன என்பதை மறக்கக்கூடாது. ஒரு தியேட்டர் எரிந்ததா இல்லையா என்பது இங்கே முக்கியமல்ல. எரியாத தியேட்டருக்கும் ஆட்கள் வரவில்லை. தோட்டத்திலிருந்து டவுனுக்கு இறங்குவதே பயம் என்றான பிறகு, இருட்டில் அடைத்த மண்டபத்தில் யார் போய் உட்காருவார்? அதற்கு மேல் 1987 தொடக்கம் 1989 வரை, இடதுசாரிச் சிங்கள அமைப்பான ஜே.வி.பி.யின் கிளர்ச்சிக் காலம்: ஊரடங்கு, பணிப்பகிஷ்கரிப்பு உத்தரவுகள், இந்தியப் பொருட்களைப் புறக்கணிக்கும்படி மிரட்டல். 9.30 காட்சி அப்போது நின்றது. பல இடங்களில் அது மறுபடி தொடங்கவே இல்லை. 6.30 காட்சியும் மெல்ல மெல்ல அதன் பின்னால் போனது. பகல் காட்சியை மட்டும் வைத்துக்கொண்டு மண்டபத்தின் மின்கட்டணத்தைக்கூடக் கட்ட முடியாது.

இதற்கெல்லாம் பிறகுதான் டிவியும் வீடியோ டெக்கும் வந்து மீதியை முடித்தன. பெருநாள் என்றால் தோட்டத்தில் காசு சேர்த்து, டிவி, டெக், ஜெனரேட்டர் மூன்றையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, கோயில் முன்னால் விடிய விடிய மூன்று நான்கு படம் போடுவார்கள். காட்டுப் பாதை நடக்க வேண்டாம், ஊரடங்கு இல்லை, பெண்கள் பயமில்லாமல் பார்க்கலாம். இதைப் பார்த்து நான் வருத்தப்பட்டேன், ஆனால் குறை சொல்ல மனம் வரவில்லை. கலரி வாங்கில் உட்காருவதற்குக்கூட யோசித்த பெண்கள் அங்கே முன்வரிசையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தார்கள். கடைசியாக, படங்கள் சுருளில் வருவது நின்று டிஜிட்டல் இயந்திரம் வந்தபோது, அதை வாங்கும் வசதி இல்லாத மண்டபங்கள் களஞ்சியமாகவும் கல்யாண மண்டபமாகவும், உங்கள் டவுனில் போலப் புடவைக்கடையாகவும் மாறின. அந்தப் புடவைக்கடைக்குள் ஒருமுறை போய்ப் பாருங்கள். தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தால், அல்லது பின்சுவரில் உயரத்தில் அடைத்துப் பூசிய சிறிய சதுரங்கள் தெரிந்தால், அதுதான் எங்கள் அறை.

தோட்டங்களின் மரபுக் கூத்துகளான காமன் கூத்தையும் அருச்சுனன் தபசையும் பொன்னர் சங்கரையும் சினிமா விழுங்கிவிட்டது என்று சிலர் எழுதுகிறார்கள். நீங்கள் தேடும்போது இந்தக் கருத்து உங்களுக்கு எதிர்ப்படும். நான் அதில் அவ்வளவு உறுதியாக இல்லை. மாசி மாதத்தில் தப்பு முழங்கிக் காமன் ஊன்றிய தோட்டங்களில், அந்த நாட்களில் எங்கள் கலரி காலியாகத்தான் கிடந்தது. சினிமா மெட்டுகள் கூத்துக்குள் நுழைந்தன என்பது உண்மை. ஆனால் கூத்தின் ஆட்களைக் குறைத்ததும் அந்த ஒப்பாரிக் கோச்சிதான் என்று நினைக்கிறேன். ரதியாக வேஷம் கட்டத் தெரிந்தவர் மண்டபத்துக்குப் போய்விட்டால், நான் சொல்வது தமிழ்நாட்டுக் கரையில், இந்தியா திரும்பியோர் போய் இறங்கிய மண்டபம் முகாமை, கூத்து யாரைக் கொண்டு ஆடுவது?

இப்போது பாட்டியின் நினைவைச் சரிபார்க்கும் வழி. படத்தின் பெயரை வைத்து ஆண்டைக் கணக்கிடாதீர்கள். சென்னையில் வெளியான படம் எங்கள் டவுனுக்கு வர வருடங்கள் ஆகும்; பிறகும் அது திரும்பத் திரும்ப வரும். "இத்தனை நாள் ஓடியது" என்ற சுவரொட்டி எண்ணும் உதவாது. பல ஊர்களில் ஓடிய நாட்களைக் கூட்டிப் போடும் வழக்கம் இருந்தது. அதைவிடப் பத்திரிகை விளம்பரம் நம்பகமானது. வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வெளிவருகின்றன. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பிரதிகளைப் பார்க்கலாம். தியேட்டர் பெயர்களும் காட்சி நேரங்களும் அந்த விளம்பரங்களில் இருக்கும்.

பாட்டியின் பேச்சில் வரும் சிறிய குறிப்புகளே நல்ல கடிகாரம். "போயா லீவுக்குப் படம் பார்க்கப் போனோம், ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது" என்று அவர் சொன்னால், அது 1966க்கும் 1971க்கும் இடைப்பட்ட காலம். அப்போது நாட்டில் வார விடுமுறை ஞாயிறு அல்ல, நிலவின் கட்டங்களை ஒட்டி வரும் போயா நாள். மஸ்கெலியாவின் பழைய டவுனைப் பற்றிப் பேசினால் அது 1969க்கு முந்திய நினைவு. மவுசாக்கலை நீர்த்தேக்கத்துக்குள் அந்த டவுன் மூழ்கிவிட்டது. வானொலியில் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா படத்தை விளம்பரம் செய்ததைக் கேட்டுவிட்டுப் போனோம் என்றால் எழுபதுகளைத் தேடுங்கள். எம்.ஜி.ஆரை நேரில் பார்த்தேன் என்றால் உடனே தள்ளிவிட வேண்டாம். 1917இல் கண்டிச் சீமையில் பிறந்தவர் அவர். நாவலப்பிட்டிக்காரர்கள் தங்கள் ஊர்ப் பிள்ளை என்றே உரிமை கொண்டாடுவார்கள். 1965இல் சரோஜாதேவியோடு இலங்கைக்கு வந்தார். அந்த ஆண்டுப் பத்திரிகைகளைப் புரட்டினால் எந்த எந்த ஊருக்குப் போனார் என்று தெரிந்துவிடும். பாட்டியின் ஊர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

அவரிடம் எந்தப் படம் பிடிக்கும் என்று கேட்பதைவிட, யாரோடு போனார் என்று கேளுங்கள். எந்தப் பாதையில் இறங்கினார்கள், யார் பந்தம் பிடித்தது, எங்கே உட்கார்ந்தார்கள், இடைவேளையில் என்ன வாங்கித் தின்றார்கள், திரும்பும்போது யார் வீட்டில் தேத்தண்ணீர் குடித்தார்கள் என்று கேளுங்கள். பெயர்கள் வரும். அந்தப் பெயர்களில் பாதி இன்று கூடலூரிலும் கோத்தகிரியிலும் இருக்கலாம். தாயகம் திரும்பியோர் என்று அங்கே குடியேற்றப்பட்டவர்களில் நம் தோட்டத்துக்காரர்கள் ஏராளம். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வயதில் இருப்பார்கள். டவுன் தியேட்டரின் பெயரைச் சொல்லி அவர்களிடமும் இதே கேள்வியை எழுதிக் கேளுங்கள். பாட்டி சொல்லும் படத்தின் மீதிக் காட்சி அங்கே யாருக்காவது ஞாபகம் இருக்கும்.